ரகம் நானாவும் ஆறாவது ஆளும்

உலகத்தில் உள்ள சகலத்தையும் மூன்றே மூன்று கூறாகப் பிரித்துவிட்டு, பிரித்ததில் மனநிறைவும் அடைந்த மனிதர் எனக்குத் தெரிந்தவரை ஒருவர்தான். அரசாங்கங்கள் முயன்று தோற்றிருக்கின்றன. விஞ்ஞானிகள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ரகம் நானா அதை ஆலங்குடாவில், ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தபடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செய்து முடித்திருந்தார்.

இலங்கையில் போர் முடிந்து சில ஆண்டுகளில் கற்பிட்டிப் பக்கம் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டி, காலுக்குக் கீழே பலகையை மாட்டி, கடலோரக் களப்புத் தண்ணீரின் மேல் வழுக்கிப் போவது அவர்களுடைய விளையாட்டு. அப்படி ஒரு விடுதியில் சாமான் கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் நானா. எதையும் ரகம் பிரிக்கிற அவரை, ரகம் அண்ணன் என்ற பொருளில், ஊர் ரகம் நானா என்றது. நான் உடப்புக்காரன். ஒரு நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளனாகக் கற்பிட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காற்று விளையாட்டைப் பற்றி நானூறு சொல் எழுதப் போனவன், நான்கு வருடம் அந்தக் கொட்டகைக்குப் போய்வந்தேன்.

முதல் நாள் கண்டது இன்னும் நினைவிருக்கிறது. சுவரோரமாக மூன்று றாக்கைகள், சாமான் வைக்கிற பலகை அடுக்குகள். மூன்றாவது றாக்கையில் பட்டம், பலகை, காற்றடிக்கும் பம்பு, கயிறு, போத்தல், விளக்குமாறு என்று எல்லாம் கூரை முட்டக் குவிந்து கிடந்தன. நடு றாக்கையில் கையுறையும் தலைக்கவசமும் நீந்தப் போடுகிற இறப்பர்த் துடுப்புக் கால்களும். முதல் றாக்கையில் ஒன்றுமே இல்லை. அதன் முன்னால் ஒரு கதிரை, கதிரையில் நானா.

"இது ஏன் நானா வெறுமையா இருக்கு?"

"தம்பி, இது பேசத் தெரிஞ்ச ஆக்களுக்கு. இந்தக் கொட்டகைக்குள்ள பேசத் தெரிஞ்ச ஆள் நான் மட்டுந்தானே. நான் றாக்கையில ஏறி இருக்கேலுமா? அதுதான் முன்னால கதிரை போட்டிருக்கன்."

நடு றாக்கை உடம்பின் உறுப்புகளுக்கு. கொட்டகையில் உறுப்பு கிடையாது என்பதால், உறுப்பைப் போலிருக்கும் சாமான்களுக்குப் பெரிய மனது பண்ணி இடம் கொடுத்திருந்தார். மூன்றாவது மிச்சமெல்லாம். முகாமையாளர் வந்து எந்தச் சாமானைக் கேட்டாலும் நானா கண்ணை மூடிக்கொண்டு "மூணாவது" என்பார். அது எப்போதும் சரியாகவே இருந்தது. அந்தக் குவியலுக்குள் குறித்த பம்பை எடுக்க நானாவைத் தவிர வேறு யாராலும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஞானம் அவருக்கு ஓர் ஒல்லாந்துக்காரனிடமிருந்து கிடைத்தது. முன்னொரு காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டிக்கு வந்து கோட்டை கட்டிவிட்டுப் போனார்கள். இவன் வந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு, காற்றும் இல்லாத பத்து நாளில் நானாவுக்கு ஒரு பாஷையின் இலக்கணத்தை நகல் தாள்களாகக் கொடுத்துவிட்டுப் போனான். கிளிங்கன் என்பது பெயர். விண்வெளிப் படமொன்றில் வரும் முரட்டுப் போர்வீரர்கள் பேசுவதற்காக ஓர் ஆள் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. உலகத்தில் எந்தச் சந்தையிலும் அதைப் பேசி ஒரு கிலோ வெங்காயம் வாங்க முடியாது. அதுவே அதன் அழகு என்று நானா நினைத்தார்.

அந்தப் பாஷையில் பெயர்ச்சொற்கள் மூன்று வகை. பேசும் ஆற்றல் உள்ளவை, உடம்பின் உறுப்புகள், மற்ற எல்லாம். பன்மை சொல்லும்போது ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் ஒட்டு. முதலாவதற்கு 'பு', இரண்டாவதற்கு 'டு', மூன்றாவதற்கு 'மே'. முதல் இரண்டையும் சொல்லி முடித்ததும் தொண்டையை ஒரு தட்டுத் தட்டி நிறுத்த வேண்டும். மொத்தத்தில் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளை வெளியே எடுக்கிற ஓசை. வேறு யாருக்கும் வராது. நானாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சின்ன வயசில இருந்து குர்ஆன் ஓதிப் பழகின தொண்டை, தம்பி. இதெல்லாம் ஒரு சத்தமா?" என்பார்.

தமிழில் இரண்டு திணைதான் என்பது அவருக்கு மனக்குறை.

"கை, கால், கண்ணெல்லாம் தமிழ்ல எங்க கிடக்கு? கல்லோடயும் கத்தரிக்காயோடயும். உசிரோட இருக்கிற ஆள்ட கண்ணும் கத்தரிக்காயும் ஒண்டா? அங்க பாருங்க, உறுப்புக்கெண்டு தனிக் குடியிருப்பே குடுத்திருக்கான்."

பிறகு அவர் கொட்டகைக்குள் அடங்கவில்லை. காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய், மீன் தலையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார். உடம்போடு இருந்தபோது இது உறுப்பு. வெட்டிப் பிரித்த பிறகு உறுப்பா, மிச்சமா? மீன்காரி கத்தியைக் கீழே வைப்பாள்.

"நானா, வாங்கப் போறீங்களா, பேர் வைக்கப் போறீங்களா?"

"கொஞ்சம் பொறு புள்ள. முடிவெடுத்திட்டுச் செல்றன்."

"நீங்க முடிவெடுக்கக்குள்ள அது கருவாடாப் போயிரும்."

விடுதியில் தூரத்துப் படகோடு கதைக்கிற கைக்கருவி ஒன்று இருந்தது. அது பேசுகிறது, ஆகவே முதல் றாக்கை என்று படகுக்காரர்கள் வாதாடினார்கள். நானா மூன்று நாள் யோசித்தார். "அது பேசல்ல. ஆக்கள் பேசுறதச் சுமந்துக்கிட்டு வருது. தபால்காரன்ட சைக்கிள் மாதிரி" என்று மூன்றாவதில் வைத்தார். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் பார்க்கப் போனபோது, அது வீரிட்டு அழுததை நெடுநேரம் கவனித்துவிட்டு, "இன்னம் பேசல்ல. ஆனா பேசப்போற ரகம். பு தான்" என்று அறிவித்தார். பிள்ளையின் உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ துஆ ஓதியிருக்கிறார் என்று நினைத்து ஆமீன் சொன்னாள்.

பெரிய சண்டை ஓங்கில் என்கிற டொல்பினைப் பற்றியது. கற்பிட்டிக் கடலில் ஓங்கில்கள் கூட்டம் கூட்டமாக வரும். வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் போய்க் காட்டுவார்கள். அவை ஒன்றோடு ஒன்று சீழ்க்கை அடித்துக்கொள்வதைக் கேட்ட நாளிலிருந்து நானா அவற்றை முதல் வகைக்குத் தூக்கிவிட்டார்.

"அது பேசுதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று படகோட்டி மறித்தான். "ஒரு சொல் விளங்கிச்சா?"

"நான் இஞ்ச வந்த புதுசில எனக்குச் சிங்களம் ஒரு சொல் விளங்கல்ல. அதுக்காகச் சிங்கள ஆக்கள் பேசாமலா இருந்தாங்க?"

அந்தப் பருவம் முழுக்கப் படகோட்டி கரைக்கு வந்ததும் "இண்டைக்கு நாப்பது பேர் வந்தாங்க" என்றுதான் சொன்னான். கேட்ட முகாமையாளர் நாற்பது பேருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில், எல்லோரும் நானாவைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் தன் நகல் தாள்களில் ஒரு வரியை எனக்குக் காட்டினார். அடியில் மூன்று முறை பென்சில் கோடு போட்டிருந்தார். பேசுகிறவர்களுக்கு உரிய சொல்லில், வேண்டுமென்றே மூன்றாவது வகையின் ஒட்டைப் போடலாமாம். அப்போது அதன் பொருள் மாறும். பிள்ளைகள் என்பது, 'அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கிற பிள்ளைகள்' என்றாகும். உறுப்புகளுக்கு அப்படிப் போடக்கூடாது. கவிஞர்கள் மட்டும் சட்டத்தை மீறி, 'எங்கும் சிதறிக் கிடக்கிற மூக்குத் துவாரங்கள்' என்றெல்லாம் பாடுவார்களாம். நான் அறிந்த கவிஞர்களை நினைத்துப் பார்த்தேன். நம்பக்கூடியதாகவே இருந்தது.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கட ஊர் ஆக்களுக்கு ஒரு ஒட்டு இரிக்கு, பாத்தீங்களா?" என்றார்.

வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில் மன்னாரிலிருந்து ஓர் உடுதுணிப் பையோடு வள்ளத்தில் வந்திறங்கியவர் அவர். அவருடைய நானாமாரும் அக்காமாரான ராத்தாமாரும் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று போனார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழிந்த பிறகும் அவரைச் சுட்டுகிற இடத்தில் ஊர் 'அகதி' என்ற சொல்லையே பாவித்தது. திட்டுவதற்காக அல்ல, அடையாளத்துக்காக. அவருடைய ஒரே மகள் ரிஸ்னா பிறந்தது கற்பிட்டி ஆஸ்பத்திரியில். அவளும் அகதிதான்.

அந்த ரிஸ்னாவுக்குக் கற்பிட்டியின் பழைய குடும்பம் ஒன்றிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அப்படித்தான். பையனின் பெரியப்பாவான பெரியவாப்பா ஒருவர், ஊரில் ஹாஜியார் என்றாலே அவர்தான், அவருக்கு மட்டும் அவ்வளவாகச் சம்மதமில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

பேசி முடிக்க அவர்கள் வந்த அன்று நானா வீட்டில் நானும் இருந்தேன். எல்லாம் நன்றாகவே போனது. தேநீர் வந்தது. ஹாஜியார் பொய்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு வட்டிலப்ப இனிப்புக் கோப்பையைக் கையில் எடுத்தார். நானாவின் பார்வை அந்தக் கைக்குட்டையிலேயே நின்றது.

"ஹாஜியார், குறை நினைக்காதீங்க. ஒரு விளக்கம் தேவை. இது வாய்க்குள்ள இருக்கக்குள்ள உறுப்பு, ரெண்டாவது. இப்ப லேஞ்சிக்குள்ள இருக்கக்குள்ள மூணாவதா?"

"என்ன மூணாவது?"

"கல்லு, தடி, பலாப்பழம், கயிறு… அதுகளோட."

ஹாஜியார் பல்லை மாட்டினார். ஏதோ சொல்வதற்காகத்தான் மாட்டுகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் எழுந்து தெருவுக்கு நடந்தார். நானாவின் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வட்டிலப்பக் கோப்பையோடு தெருமுனை வரை பின்னால் ஓடிப்போய்த்தான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

திரும்பி வந்த ஹாஜியார் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"கலியாணச் சாப்பாடு ஒழுங்கா நடக்கோணும். ஊர் ஆக்களுக்கு மண்டபத்துக்குள்ள. அகதி ஆக்களுக்கு வெளிப் பந்தல்ல. அவங்கவங்களுக்கும் அதுதானே வசதி."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிக்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னார். நானாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வாயைத் திறக்கப் போனவரை ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து இருமி நிறுத்தினார். அவர்கள் போன பிறகு ராத்தா எனக்கு முன்னாலேயே சொன்னார்:

"கலியாணம் முடியு மட்டும் நீங்க வாயத் திறக்கப்படாது. ஒரு சொல் பேசப்படாது. பு வும் வேணாம், மே யும் வேணாம். புள்ளட வாழ்க்கை. சத்தியம் பண்ணுங்க."

நானா சத்தியம் பண்ணினார். "ஆனா சஹன் ஒழுங்கு என்ட பொறுப்பு" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அது ஆபத்தில்லாத வேலை என்று ராத்தா நினைத்தார். நானும்.

சஹன் என்றால் பெரிய தட்டம். அதில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து நடுவில் வைக்க, சுற்றிவர ஆறு பேர் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். அந்தப் பகுதியில் ஆறு என்றால் ஆறுதான். ஆள் நிரம்பாமல் சஹன் வராது. ஒருமுறை உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்புவதும் மரியாதை இல்லை.

கலியாணத்தன்று நானா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக மண்டப வாசலில் நின்றார். வாய் இறுக மூடியிருந்தது. ஹாஜியார் சொன்னபடியே, ஊர் ஆக்களைக் கையால் உள்ளே காட்டினார். அகதி ஆக்களைப் பந்தலுக்குக் காட்டினார். ஹாஜியார் திருப்தியோடு தலையாட்டினார். பத்திரிகைக்காரன் என்று என்னையும் உள்ளே, ஹாஜியாரின் வட்டத்திலேயே இருத்தினார்கள். நான் கற்பிட்டிக்கு வந்து நான்கு வருடம். வெளியே பந்தலில் இருந்த மம்மது அப்பா, வலைக் கிழிசல் பொத்துகிற கிழவர், வந்து இருபது வருடத்துக்கு மேல்.

மண்டபம் நிரம்பியது. பன்னிரண்டு வட்டம். உட்கார்ந்தோம். பிரியாணி வாசம் வந்தது. பிரியாணி வரவில்லை.

ஹாஜியார் எங்கள் வட்டத்தை எண்ணினார். அவர், அவருடைய இரண்டு மச்சான்மார், மரக்கடை வைத்திருந்த ஒரு மரக்காலைக்காரர், நான். ஐந்து. பக்கத்து வட்டத்தை எண்ணினார். ஐந்து. அதற்கப்பால் ஐந்து. மண்டபம் முழுக்க, நானா கைகாட்டி இருத்தியபடியே, சாமான் கொட்டகைக்காரனின் துல்லியத்தோடு, ஐந்து ஐந்தாக இருந்தது.

"சம்பந்தி! இதென்ன, எல்லாம் அஞ்சஞ்சா இரிக்கு?"

நானா தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு பெண்கள் பக்கத்துத் திரையைக் காட்டினார். பிறகு கைகட்டி நின்றார்.

சமையல்காரர் கதவருகே வந்து நின்றார். "ஹாஜியார், நான் ஆறாறுக்குத்தான் போட்டிருக்கன். ஆள் நிரம்பினாத் தட்டம் வரும்."

வழி ஒன்று இருந்தது. இரண்டு வட்டத்தைக் கலைத்து அவர்களை மற்ற வட்டங்களுக்கு நிரவலாம். எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் பக்கத்து வட்டத்தைப் பார்த்தார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்பி, வேறொரு தட்டத்துக்கு ஆள் நிரப்பப் போகிறவன் யார்? எழும்புகிற வட்டம் சின்ன வட்டமாகிவிடும். அறுபது பெரிய மனிதர்கள், அறுபது பசித்த வயிறுகள், ஒருவரும் அசையவில்லை. மரக்காலைக்காரர் கூரையில் எதையோ ஆராய்ந்தார். மூத்த மச்சான், ஹாஜியாருக்குக் கேட்கும்படியாக, "எழும்பிப் போயிருவமா?" என்றார். பெண்கள் பக்கத்துத் திரையின் ஓரம் விலகி மூடிக்கொண்டது. ராத்தா கேட்டிருக்க வேண்டும்.

நானாவின் கை கட்டியபடியே இருந்தது.

ஹாஜியார் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர். மத்தியான இறைச்சிக்காகக் காலைச் சாப்பாட்டையும் விட்டவர். அவர் நானாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே பந்தலையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவர் கழுத்து நரம்பு சொன்னது. பிறகு பெருமூச்சு விட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"அங்கால ஆரும் இரிக்கிறீங்களா? ஒரு ஆள் வாங்க!"

யாரும் வரவில்லை. ஹாஜியார் இன்னும் உரக்கச் சொன்னார்:

"ஒரு சஹனுக்கு ஒராள். எல்லாச் சஹனுக்கும். வாங்க, சோறு ஆறுது!"

பன்னிரண்டு பேர் வந்தார்கள். நானா ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு ஒவ்வொரு வட்டத்துக்கு அனுப்பினார். எங்களுக்கு மம்மது அப்பா வந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஆகவே எல்லோருக்கும் கேட்காது என்ற நினைப்பில் பேசுவார்.

"ஆர்ட புள்ளட கலியாணம் இது?" என்று ஹாஜியாரின் காதுக்குள் முழங்கினார்.

"எங்கட புள்ளட!" என்று ஹாஜியாரும் முழங்கினார்.

"எங்கட புள்ளடயும்தான்!" மம்மது அப்பா தட்டத்தைக் கிளறி ஒரு துண்டை எடுத்து ஹாஜியாருக்கு முன்னால் தள்ளினார். "நீங்களும் பல் கட்டின ஆள்போல. எனக்கும்தான். இந்தாங்க, இது மெது இறைச்சி. மத்தது நமக்குச் சரிவராது!"

மச்சான்மார் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஹாஜியாரின் தாடி முதலில் ஆடியது. பிறகு தோள். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, புரையேறி, மம்மது அப்பாவே அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பந்தலில் பன்னிரண்டு இடம் காலியாகிவிட்டதால், பிந்தி வந்த ஊர் ஆக்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பசி அந்த அளவுக்கு இருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிக் கைகழுவிவிட்டார்கள். கடைசிச் சஹன் வேலை செய்தவர்களுக்கு. சமையல்காரர், அவருடைய ஆட்கள் மூன்று பேர், நானா. ஐந்து. இந்த முறை அது திட்டமில்லை, உண்மையாகவே ஆள் இல்லை. சமையல்காரர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஹாஜியார், மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

"வயித்தில இடமில்ல. ஆனா இருக்க ஏலும்" என்று வந்து நானாவுக்குப் பக்கத்தில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. அழுதிருந்தார் என்பது குரலில் தெரிந்தது. "இனி வாயத் திறந்தாக் குத்தமில்ல!"

மண்டபத்தில் நின்ற அத்தனை பேரும் நானாவைப் பார்த்தோம். மூன்று வகையும் வரப்போகிறது, ஒட்டுகளும் வரப்போகின்றன என்று நான் குறிப்புப் புத்தகத்தைக்கூடத் திறந்துவிட்டேன். நானா பிஸ்மி சொல்லி ஒரு பிடி சோற்றை எடுத்தார். ஆறுதலாக மென்றார். விழுங்கினார்.

"உப்புக் காணாது" என்றார்.

"இதச் செல்லவா காலம்பொற இருந்து காத்திருந்தீங்க?" என்றார் ஹாஜியார். சொல்லிக்கொண்டே தட்டத்தின் தன் பக்கத்திலிருந்து இறைச்சியை நானாவின் பக்கம் தள்ளினார்.

அந்தச் செய்தியை நான் எழுதி அனுப்பவில்லை. கலியாணம், சாப்பாடு, ஒருவருக்கும் காயமில்லை என்பதை எந்தப் பக்கத்தில் போடுவார்கள்? பிறகு எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. நானா வாப்பாவின் காணியைப் பார்க்க மன்னாருக்குப் போனதாகவும், கற்பிட்டியில் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து வந்து போவதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்களில் உட்கார்ந்துவிட்டேன். எங்காவது ஐந்து பேராகத் தட்டத்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், என் கண் தானாகவே வாசலுக்குப் போகிறது, வருகிற ஆறாவது ஆள் நானாவாக இருக்கட்டும் என்று.